இறுதிச் சடங்கு: ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மட்டும்

சொந்த வீட்டில் பத்து நிமிடம் சும்மா உட்கார முடியாத மனிதனை, பிறத்தியார் வீட்டில் பத்து நாள் சும்மா உட்கார வைத்து, அதற்குக் கட்டணமும் வாங்கி, போகும்போது அவன் வாயாலேயே நன்றியும் சொல்ல வைக்கும் மகத்தான கலைக்குத்தான் சுற்றுலா என்று பெயர். நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்தது இதைத்தான்.

இந்தக் கலையை, கடல் கடந்த தீவொன்றின் தோராஜா மலைநாட்டில் கட்டிக்காக்கும் பொறுப்பு 'மலைநாட்டு உல்லாசப் பயண மேம்பாட்டு வாரிய'த்திடம் இருந்தது. அது மேம்படுத்தாத விஷயமே கிடையாது. அருவியை மேம்படுத்தியது. இப்போது அருவி, டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் எங்கேயோ சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. சூரிய உதயத்தை மேம்படுத்தியது. அது இப்போது எட்டு மணிக்கு நடக்கிறது, காவலாளி அப்போதுதான் கேட்டைத் திறப்பார்.

வாரியத்துக்கு அடங்காமல் திரிந்தது ஒன்றே ஒன்றுதான். சாவு.

வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுமுறை ஆகஸ்டில். தோராஜாவின் பேர்பெற்ற இறுதிச் சடங்கைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள். ஆனால் மலைநாட்டு ஜனங்களோ பொறுப்பே இல்லாமல் மார்ச்சில் ஒன்று, அக்டோபரில் இரண்டு என்று சடங்குகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் ஒரு பெல்ஜியத் தம்பதி ஒரு வாரம் காத்திருந்தும் ஒரு சாவும் அமையாமல், "பெருத்த ஏமாற்றம். ஊரில் எல்லாரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள்" என்று இணையத்தில் புகார் எழுதிவிட்டுப் போனார்கள்.

அதைப் படித்த அன்று தான் தூங்கவே இல்லை என்று வாரியத்தின் வளர்ச்சி அதிகாரி பாக் ரிட்வான் ('பாக்' என்றால் அங்கே 'ஐயா') சொன்னார். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கடற்கரை நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மலைக்கு வந்த நாள் முதலாகக் கம்பளிச் சட்டையைக் கழற்றாதவர். அந்தக் கம்பளியின் கதகதப்பில் உதித்ததுதான் 'விடைபெறும் வாரம்'. மலைநாட்டின் சடங்குகள் அத்தனையும் இனி ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில்! இந்த வருடத்துக்கான முதல் கௌரவத்துக்கு, புந்து சாலு கிராமத்தில் தங்கும் விடுதி நடத்தும் யூலியுஸ் பாலுங்கானின் அப்பா ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கூட்டத்தில் ரிட்வான் மட்டுமே இருந்ததால் ஒருமனதுக்குச் சிரமம் இருக்கவில்லை.

யூலியுஸின் விடுதி என்பது, படகைத் தலையில் கவிழ்த்தது போலக் கூரை வளைந்த அவருடைய பூர்விக வீடும், அதை ஒட்டிய நான்கு அறைகளும். வாரியம் விடுதிகளுக்கு 'அசல்', 'மிக அசல்', 'அதி அசல்' என்று தரம் பிரித்திருந்தது. ஒருமுறை யூலியுஸ் ஆசைப்பட்டு வெந்நீர்க் குழாய் போட்டுவிட்டார். உடனே 'மிக அசல்' பறிபோனது. குழாயை மூங்கிலால் மூடி, வெந்நீர் வராமல் பார்த்துக்கொண்ட பிறகு 'அதி அசல்' கிடைத்தது. அந்தப் பலகையை வாசலில் மாட்டிய நாளிலிருந்து மனிதர் வாரியத்தின் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்பார். ஐம்பது வயதில் அவருக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

வீட்டின் தென்பக்க அறையில் அவருடைய அப்பா, காப்பி வியாபாரி சம்பே பாலுங்கான், படுத்திருந்தார். இரண்டு வருடமாக எழுந்திருக்கவில்லை. மூச்சும் விடவில்லை. ஆனால் தோராஜாவில் அதற்குச் சாவு என்று பெயரில்லை. உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து சேர்ந்து, மூத்த மகன் வாயால் "ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி, பலிகொடுத்த முதல் எருமை சாய்ந்த பிறகுதான் ஒருவர் இறந்தவர் ஆகிறார். அதுவரை அவர் வீட்டு மனிதர். ஆஸ்பத்திரி ஆள் வந்து மருந்து ஏற்றிவிட்டுப் போனதில் உடம்பு வாடாமல் இருந்தது. காலையில் காபி, மதியம் சோறு, சாயங்காலம் கிராம்பு சிகரெட் ஒன்று. "அப்பா, சந்தைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் அந்த வீட்டில் யாரும் படி இறங்குவதில்லை.

ஜூன் மாதம் ஒரு காலை, ரிட்வான் வந்து இறங்கினார். கூடவே வாரியத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கும் நோவி. பக்கத்து ஊர்ப் பெண். கேமராவும் கையுமாகத் திரிவாள்.

"காபி பிரமாதம்," என்றார் ரிட்வான். "உங்க அப்பா எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா உடம்பு சரியில்ல, பாக்."

"ரெண்டு வருஷம்! நல்ல ஜன்னல் வெச்ச அறையில, ஒரு பிரயோஜனமும் இல்லாம..." ரிட்வான் உச்சுக்கொட்டினார். "யூலியுஸ், இது வளம். கண்ணெதிர்ல வீணாப் போற வளம். ஆகஸ்ட்ல சடங்கை வெச்சிடுங்க. மேடை, பந்தல், ஒலிபெருக்கி, எல்லாம் வாரியம் பாத்துக்கும். முடிஞ்ச மறுநாளே அந்த அறையை வாடகைக்கு விடலாம். ஜன்னலைத் திறந்தா வயல்!"

"இல்ல பாக்... என் தம்பி மார்த்தென் பாப்புவாவுல சுரங்க வேலைல இருக்கான். டிசம்பர்லதான் அவனுக்கு லீவு. கடைசிப் பிள்ளை வந்து காலைப் பிடிக்காம அப்பா கிளம்ப மாட்டார்."

"காணொளியில வரட்டும். பெரிய திரை கட்டறோம். உங்க தம்பி பத்தடி உயரத்துக்குத் தெரிவாரு. நேர்ல வந்தா அவ்வளவு தெரிவாரா?"

இதற்குப் பதில் யூலியுஸிடம் இருந்தது. 'முடியாது' என்ற ஒரே சொல். ஆனால் பாலுங்கான் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்கள் வீட்டுக் காபியைக் குடிப்பவர் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. காப்பி வியாபாரத்தில் வந்த குடும்பம். அப்படிச் சொல்லியிருந்தால் வியாபாரம் நடந்திருக்காது. யூலியுஸ், ரிட்வானின் கோப்பை காலியாகக் காத்திருந்தார். காலியாகும்போதெல்லாம் யூலியுஸின் மனைவி எஸ்தர், விருந்தோம்பலில் குறை வைக்காதவள், மறுபடி நிரப்பினாள்.

"அப்பாவைத்தான் கேக்கணும்," என்று யூலியுஸ் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"கேட்டுடுவோம்," என்று எழுந்தார் ரிட்வான், கோப்பையோடு.

தென்பக்க அறையில் யூலியுஸ் குனிந்து, "அப்பா, வாரியத்துலேர்ந்து பாக் ரிட்வான் வந்திருக்கார். ஆகஸ்ட்ல சடங்கு வெக்கலாமான்னு கேக்கறார்," என்றார்.

ரிட்வான் ஒரு வாய் காபி குடித்தார்.

"என்ன சொல்றார்?" என்றார் ரிட்வான்.

"யோசிக்கறார், பாக்."

"ஆட்சேபணை ஏதாவது?"

"இது வரைக்கும் ஒண்ணும் சொல்லல."

"அப்போ ஆட்சேபணை இல்லை!" ரிட்வான் பெரியவரை நோக்கி மரியாதையாகத் தலை வணங்கினார். "எங்க வாரியத்துல எல்லாத் தீர்மானமும் இப்படித்தான் நிறைவேறுது. நன்றி ஐயா."

ஜீப் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் மார்த்தா வந்துவிட்டாள். யூலியுஸின் அம்மா. வயலிலிருந்து நேராக, முழங்கால் வரை சேற்றோடு.

"யாருடா வந்தது?"

யூலியுஸ் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் கிணற்றுக்குள் போயிருந்தது.

"ஏண்டா, வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"காபி குடிச்சிட்டிருந்தார்ம்மா."

"பிடுங்க வேண்டியதுதானே?"

"மூணாவது கோப்பைம்மா."

"உங்க அப்பா அம்பது வருஷம் ஊர் ஊரா காப்பிக்கொட்டை வித்தார். ஒருத்தன்கிட்டயாவது ஏமாந்திருப்பாரா? அவரையே சேத்து வித்துட்டு வந்து நிக்கறியே!" மார்த்தா தென்பக்க அறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "கேட்டீங்களா உங்க பிள்ளை பண்ணின காரியத்தை? நீங்களும் வாயைத் திறக்காம படுத்திருக்கீங்க!"

அன்று மாலை மார்த்தென் போனில் அழுதான். சுரங்கத்து ஆள். பாறையை வெடிவைத்துப் பிளப்பவன். "அண்ணே, நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்கண்ணே. திரையில எல்லாம் எனக்கு அப்பா வேணாம்ணே. அவர் காலை ஒரு தடவை பிடிச்சுக்கறேன்." யூலியுஸ் போனைப் பிடித்துக்கொண்டு, அந்த முனையில் யாருக்கும் தெரியாத தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

மறுநாளே நகரத்துக்குப் போய் மறுத்துவிட்டு வருவதாகக் கிளம்பினார். வாரியத்தின் வாசலில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். அடுத்த வாரமும் போய் உட்கார்ந்தார். அங்கேயும் யாராவது ஒருவர் அவரிடம் "அதி அசல் விடுதியா? அடடா!" என்று கை கொடுத்தார்கள். மறுப்பு வாய்வரை வந்து, பல்லில் தட்டித் திரும்பிப் போனது.

இதற்குள் வாரியம் மின்னல் வேகத்தில் இயங்கியது. அருவிக்குச் சாலை போட எட்டு வருடம் எடுத்துக்கொண்ட அதே வாரியம், ஒரு மாதத்தில் நகரம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டிவிட்டது. அதில் சம்பே பாலுங்கான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: 'நான் போகிறேன். நீங்கள் வாருங்கள்!'

சந்தையில் அதைப் பார்த்த மார்த்தா நின்று நிதானமாகப் படித்தாள். "எங்கே போறார்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றாள்.

ஆகஸ்டில் ஒத்திகை நடந்தது. ஊர்ப் பெண்களை ரிட்வான் வரிசையில் நிறுத்தினார்.

"எல்லாரும் இந்தக் கேமராவைப் பாத்து அழணும். நடு நடுவுல கொஞ்சம் புன்னகை. வரவேற்பு மாதிரி இருக்கணும்."

யூலியுஸின் அத்தை மகள் எலிசபெத், வாயாடி, முன்னால் வந்தாள். "பாக், மாமா உள்ள இப்பதான் காபி குடிச்சிட்டிருக்கார். வெளிய நின்னு ஒப்பாரி வெச்சா என்னடீன்னு கேக்க மாட்டாரா?"

"கேட்பாரா?" என்று ரிட்வான் நோவியிடம் ரகசியமாகக் கேட்டார்.

"கேக்க மாட்டார் பாக். ஆனா நினைச்சுக்குவார்," என்றாள் நோவி.

அந்த நாளும் வந்தது. வெயில் வாரியத்தின் ஏற்பாட்டுக்கு ஒத்துழைத்தது. பந்தலில் கறுப்புச் சட்டை வாடகைக்கு எடுத்துப் போட்ட வெளிநாட்டுப் பயணிகள். முன்வரிசையில், மெத்தை நாற்காலியில், மாகாணத் தலைநகரிலிருந்து வந்த, வாரியத்தின் பெரிய இயக்குநர். மைதானத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி போட்ட அபூர்வ எருமை. சந்தையிலிருந்து அரைநாள் வாடகைக்கு வந்திருந்தது. அதை வெட்டக் கூடாது, புகைப்படம் மட்டும் எடுக்கலாம் என்பது ஒப்பந்தம். பெரிய திரையில் மார்த்தென் பத்தடி உயரத்துக்கு வந்து, தொடர்பு அறுந்து, வாயைத் திறந்தபடி உறைந்துபோயிருந்தான்.

ஒலிபெருக்கியில் நோவி நிகழ்ச்சி நிரல் வாசித்தாள். "எட்டரை மணிக்குத் துக்கம். ஒன்பதே காலுக்குச் சிற்றுண்டி இடைவேளை. அதன் பின் துக்கம் தொடரும்."

"இப்போது மூத்த மகன் சடங்கைத் தொடங்கி வைப்பார்!" ரிட்வான் ஒலிவாங்கியை யூலியுஸ் கையில் திணித்தார். "சொல்லுங்க. ஆரம்பிக்கலாம்னு ஒரே வார்த்தை."

யூலியுஸ் வாயைத் திறந்தார். அவருடைய நாக்கு உள்ளே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. பந்தலே அவர் முகத்தைப் பார்த்தது. உறைந்துபோன தம்பியும் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து மார்த்தா, தட்டில் ஒரு கோப்பை காபியோடு மைதானத்தைக் குறுக்கே கடந்து, யாரையும் பார்க்காமல், தென்பக்க அறையை நோக்கி நடந்தாள்.

"அம்மா!" ரிட்வான் ஓடி வழிமறித்தார். "எங்க போறீங்க? ஐயாவை வெளிய கொண்டு வரச் சொல்லுங்க. இயக்குநர் காத்திட்டிருக்கார்."

"அவருக்கு உடம்பு சரியில்ல. வெயில்ல வர மாட்டார்."

"அம்மா, நிகழ்ச்சி நிரல்ல இருக்கு!"

"அப்போ நிரலைத் தூக்கிட்டு வந்து நடுவுல படுக்க வெச்சுக்கோங்க."

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ரிட்வானின் காது சிவந்தது. மலைக்கு வந்து எட்டு மாதமாகக் கழற்றாத கம்பளிக்குள் மனிதர் கொதித்துவிட்டார். "என்னம்மா விளையாட்டு இது? அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு!"

சட்டையில் செருகியிருந்த ஒலிவாங்கி திறந்தே இருந்தது. ஆச்சு, ஆச்சு என்று எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது.

ஊர் ஸ்தம்பித்தது. எலிசபெத் நெஞ்சில் கை வைத்தாள். வாடகை எருமை கூட அசை போடுவதை நிறுத்தியது. முதல் எருமை சாய்வதற்கு முன்னால், வீட்டார் சொல்வதற்கு முன்னால், அவர் காதுபட அந்தச் சொல்லை உச்சரிப்பதா! ஊர்த்தலைவர் தோடிங் மெல்ல எழுந்து வந்தார். கோபமே இல்லாமல், காலநிலை சொல்பவர் போலச் சொன்னார்:

"பாக், இதுக்கு எங்க ஊர்ல அபராதம் ஒரு பன்னி. உள்ள போய்ப் பெரியவர்கிட்ட மன்னிப்பும் கேக்கணும்."

"நான் அரசாங்க அதிகாரி!"

"அதனாலதான் ஒண்ணோட விட்டோம்."

ரிட்வான் யூலியுஸைப் பிடித்துக்கொண்டார். "யூலியுஸ்! நீங்க நம்ம ஆளு. அதி அசல்! ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காப்பாத்துங்க!"

யூலியுஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். ரிட்வானின் கையில் பாட்டில் தண்ணீர் இருந்தது. காலையிலிருந்து இயக்குநரோடு அலைந்ததில் மனிதர் வேறெதுவும் குடிக்கவில்லை.

"பாக்," என்றார் யூலியுஸ், "இன்னைக்கு நீங்க எங்க வீட்டுக் காபி குடிக்கலையே?"

"அதுக்கு இப்ப நேரம் ஏது?"

"அப்போ முடியாது."

ஐம்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சொல். ஒலிபெருக்கியில் அது கம்பீரமாகவே ஒலித்தது. "என் தம்பி வரணும். அதுவரைக்கும் எங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. அவ்வளவுதான்." சொன்ன வேகத்தில் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மார்த்தா திரும்பிப் பார்த்தாள். காபி ஆறிப்போகுமே என்று உள்ளே போனாள்.

"அப்படின்னா நான் எதைத் தொடங்கி வைக்க வந்தேன்?" என்று இயக்குநர் நாற்காலியிலிருந்து கேட்டார். அந்தக் கேள்விக்கு வாரியத்தில் இன்று வரை விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பயணிகள் புகார் சொல்வார்கள் என்று ரிட்வான் நடுங்கினார். ஆனால் ஒரு டச்சுக்காரப் பெண்மணி, வயதானவள், நோவியிடம் வந்து, உள்ளே போய் உடம்பு சரியில்லாதவரை விசாரிக்கலாமா என்று கேட்டாள். கடைக்குப் போய் கிராம்பு சிகரெட் ஒரு பாக்கெட் வாங்கி, அதைப் பெரியவர் தலைமாட்டில் வைத்து, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "எங்க ஊர்ல என் வீட்டுக்காரரை அன்னைக்குச் சாயங்காலமே எடுத்துட்டுப் போயிட்டாங்க. பேசக்கூட நேரம் கிடைக்கல," என்று அவள் சொன்னதாக நோவி மொழிபெயர்த்தாள். மார்த்தா அவளுக்கும் ஒரு கோப்பை காபி கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. அடுத்து, ஒரு பன்றியோடு, ரிட்வான்.

வாரியம் கடுமையான நடவடிக்கை எடுத்தது. யூலியுஸின் விடுதியை 'அதி அசல்' பட்டியலிலிருந்து நீக்கி, 'வெறும் வீடு' என்று அறிவித்தது. சாலையில் இருந்த வழிகாட்டிப் பலகையையும் பிடுங்கியது. அது இத்தனை வருடமும் எதிர்த் திசையைக் காட்டிக்கொண்டிருந்ததால், அதன் பிறகு விருந்தினர்கள் சிரமமில்லாமல் வந்து சேர்ந்தார்கள். யூலியுஸ் முதல் காரியமாக மூங்கிலைப் பிரித்து வெந்நீரைத் திறந்துவிட்டார்.

டிசம்பரில் மார்த்தென் வந்தான். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. திரை இல்லை, பந்தல் இல்லை, பயணிகள் இல்லை. சேற்றில் வழுக்கி வழுக்கி உறவினர்கள் பன்றிகளை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். ஆண்கள் வட்டமாகக் கைகோத்து மழையிலேயே ஒப்பாரி பாடினார்கள். மார்த்தென் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வெகுநேரம் கழித்து அண்ணனை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தான். "ஆரம்பிக்கலாம்," என்றார் யூலியுஸ். சொந்த எருமை சாய்ந்தது. சம்பே பாலுங்கான் அன்றைக்குத்தான் இறந்தார். மார்த்தா அன்றைக்குத்தான் அழுதாள். எந்தப் பக்கமும் பார்க்காமல் அழுதாள்.

இரண்டாம் நாள், விருந்தினர் வரிசையின் கடைசியில், கறுப்புச் சட்டையில், நனைந்த கம்பளியோடு ஒருவர் தனியாக வந்தார். ரிட்வான். யாரும் சொல்லாமலேயே, துக்க வீட்டுக்கு வரும் ஊர் வழக்கப்படி, கையில் ஒரு மூட்டை சர்க்கரை. பெரியவர் படத்துக்கு முன்னால் கும்பிட்டு, பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். எஸ்தர் காபி கொண்டுவந்தாள். நிரப்பிக் கொடுத்தாள்.

மார்த்தா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆகஸ்டில் நடந்த பழசைக் கிளற இது வேளையில்லை. உபசாரத்துக்கு ஏதாவது விசாரிக்க வேண்டுமே!

"உங்க வாரியம் எப்படி இருக்கு, தம்பி?"

ரிட்வான் கோப்பையைக் கீழே வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். எட்டு மாதத்தில் கற்காததை நான்கு மாதத்தில் ஒரு பன்றி அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

"உடம்பு சரியில்லம்மா," என்றார்.

"எத்தனை நாளா?"

"நான் வர்றதுக்கு ரொம்ப முன்னாலேர்ந்தே."

"வேளாவேளைக்குச் சாப்பிடுதா?"

"அதுல ஒரு குறையும் இல்லம்மா. யார் போனாலும் ஏதாவது கொண்டு வெக்கறாங்க."

"கேட்டா பதில் சொல்லுதா?"

"இல்லம்மா."

மார்த்தா பெருமூச்சு விட்டு, அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"பொறுமையாப் பாத்துக்கோ. மேலிடத்துல இருக்கற உன் வீட்டாளுங்க எல்லாம் வந்து சேர்ற வரைக்கும் வாய்விட்டுச் சொல்லிடாதே. ஊர்ல எங்களுக்கெல்லாம் எப்பவோ தெரியும். நாங்களும் யார்கிட்டயும் சொல்லல."